வாச்சர் நானா தொடாத பதினேழு தங்கக் காசுகள்

வீடியோ கேம் என்ற ஒன்றை மனிதன் கண்டுபிடித்த நாளிலிருந்து இன்றுவரை, அதில் கீழே கிடந்த ஒரு காசைக்கூடத் தொடாமல் விளையாடித் தோற்ற ஒரே ஆள் எங்கள் ஊர் வாச்சர் நானாதான். தோற்றது ஒரு தடவை அல்ல. ஒரே காலையில் பதினொரு தடவை. பதினொரு தடவையும் நான் பக்கத்துக் கதிரையில் கண் எரிய உட்கார்ந்திருந்தேன். அதனால் சாட்சி சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

பிள்ளைகளே, நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கற்பிட்டி ரோட்டில் பாட்டுப் போட்டுக்கொண்டு, பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ ஒன்று வருமே, அதை ஓட்டுகிறவன். எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அந்த ஓட்டோவின் பாட்டு ஒரு நிமிடம்கூட இல்லை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பதினான்கு வருடமாக அதைக் கேட்கிறேன். உங்களுக்கு அந்தப் பாட்டைக் கேட்டால் பனிஸ் ஞாபகம் வரும். எனக்கு முதுகுவலி ஞாபகம் வரும்.

என் மகள் சஹ்லா கொழும்புப் பக்கம் ஒரு பல்கலைக்கழகக் கெம்பஸில் வீடியோ கேம் படித்தாள். விளையாடப் படிக்கவில்லை, செய்யப் படித்தாள். இந்த வித்தியாசத்தை ஊருக்கு விளக்கி விளக்கியே எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. பாண் வாங்க வருகிறவர்கள் இரண்டு றாத்தல் பாணுக்கு இரண்டு கேள்வி இலவசமாகக் கேட்பார்கள்.

"பாண்கார நானா, உங்கட மகள் கெம்பஸுக்குப் போய் கேம் அடிக்கிறாவாமே?"

"அடிக்கிறல்ல. செய்ற."

"அத நம்மட பொடியன் சும்மாவே வீட்டுல இரிந்து செய்றானே."

உண்மையில் அது லேசான படிப்பு அல்ல. திரையில் ஒரு பெண்பிள்ளை ஒரு அடி எடுத்து வைப்பதற்கு, கம்ப்யூட்டருக்கு விளங்கும் பாஷையில் ஒரு கொப்பி நிறைய எழுத வேண்டும். ஒரு எழுத்துப் பிழைத்தால் அந்தப் பிள்ளை நிலத்துக்குள் புதைந்துபோகும். அதோடு, விளையாடுகிற ஆள் எந்த இடத்தில் பயப்படுவார், எந்த இடத்தில் சிரிப்பார் என்று முன்கூட்டியே யோசித்து வைக்கவும் வேண்டும். கணக்குப் பாடத்தையும் சித்திரப் பாடத்தையும் ஒரே பாயில் படுக்க வைத்தால் ஒன்றை ஒன்று எப்படி உதைக்கும், அப்படியான படிப்பு.

கடைசி வருடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தனியாக ஒரு முழு கேம் செய்து காட்ட வேண்டும். சஹ்லா செய்தது, ஒரு பெண்பிள்ளை கடற்கரையில் ஓடி ஓடித் தங்கக் காசு பொறுக்குவது. வழியில் கழுதைகள் நிற்கும். தாண்டிக் குதிக்க வேண்டும். அவளுடைய மிஸ் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இந்த மாதிரி ஆயிரம் கேம் இருக்கு. நீ மட்டும் செய்யக்கூடியது இதில் என்ன இருக்கு?" என்று கேட்டாராம். மூன்று வாரத்தில் இன்னொரு தடவை மட்டும் காட்டலாம். அதுவும் சரிவராவிட்டால் பட்டம் இல்லை.

அவள் மூன்று கிழமைக்குத் துணிப்பையோடு வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றே என் மனைவி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"இந்த மொறயும் திருப்பி அனுப்பினா புள்ளய இங்கயே நிப்பாட்டுங்க. பாலர் பாடசாலைல டீச்சர் வேல ஒண்டு இரிக்கி. அவளப் பாருங்க, கண்ணுக்குக் கீழ கறுத்துப் போய்."

"ஓம்" என்று தலையை ஆட்டினேன். களைத்துப்போன மனிதனுக்கு மிக லேசான சொல் அது.

வாச்சர் நானாவுக்கு வருவோம். காவல்காரர் என்பதால் வாச்சர், அண்ணன் முறைக்கு நானா; அவருடைய சொந்தப் பெயர் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்களில் ஒன்றில், சின்னப் பையனாக வந்தவர். வளர்ந்ததும் உப்பளத்தில் இரவுக் காவல் வேலை கிடைத்தது. அவரைவிடப் பொருத்தமான ஆளை அந்த வேலைக்கு வானத்திலிருந்துதான் இறக்க வேண்டும். காலையில் வேலை முடிந்து வெளியே வரும்போது, கேட்டில் நின்று இரண்டு செருப்பையும் கழற்றித் தட்டுவார். ஒட்டியிருந்த உப்பு உள்ளே விழும்.

"உப்பு அவங்கட. செருப்பு மட்டுந்தான் என்ட" என்பார்.

ஒரு தடவை பள்ளிவாசல் வாசலில் ஒற்றைச் செருப்பு ஒன்றைக் கண்டெடுத்தார். இரண்டு மாதம், ஒவ்வொரு வெள்ளி ஜும்ஆவுக்கும் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாருடைய காலையும் அளந்து பார்த்தார். கடைசியில் சொந்தக்காரனைப் பிடித்துவிட்டார். அவன், "நானா, மத்தச் செருப்ப நான் எப்பயோ வீசிட்டன்" என்றான். "அப்ப அதத் தேடி எடு" என்று சொல்லி, அவன் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு நாள் ஓட்டோவை மறித்துப் பாதி பனிஸ் ஒன்றை நீட்டினார்.

"உங்கட வண்டியால விழுந்த."

"மத்தப் பாதி எங்க நானா?"

"காக்கா கொண்டு போயிட்டு. கூப்பிட்டுப் பாத்தன், வரல்ல."

இப்படிப்பட்டவரை நான் ஏன் என் வீட்டுக்கு அழைத்துவந்தேன் என்று கேட்பீர்கள். கேம் படிப்பில் ஒரு சட்டம் இருக்கிறது. செய்த கேமை, கேம் என்றால் என்னவென்றே தெரியாத ஒருவர் கையில் கொடுத்து விளையாட விட வேண்டும். செய்த ஆள் பக்கத்தில் இருந்து பார்க்கலாம், ஆனால் வாய் திறக்கக் கூடாது. அந்த ஆள் எங்கே தடுமாறுகிறாரோ, அங்கே கேமில் பிழை என்று அர்த்தம். எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளை முதல் கேம் விளையாடுகிறது. தெரியாத ஆள் வாச்சர் நானா ஒருவர்தான். அவருடைய போனில் பட்டன் மட்டுமே இருந்தது.

நான் காலைப் பாண் விற்று முடித்து வந்தேன். அவர் இரவுக் காவல் முடித்து வந்தார். இரண்டு பேரும் கொட்டாவி விட்டுக்கொண்டு லெப்டொப் முன்னால் உட்கார்ந்தோம்.

"இந்தப் புள்ள யாரு?" என்று கேட்டார், திரையைப் பார்த்து.

"அது நீங்கதான் மாமா" என்றாள் சஹ்லா. "இந்தப் பட்டன அமத்தினா நடக்கும், இத அமத்தினா பாயும். இதுக்குப் பொறகு நான் கதைக்க ஏலா."

"நான் பொம்புளப் புள்ளயா?"

சஹ்லா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி. வீட்டுல சொல்லிட்டா கடக்கரைக்கு வந்த?"

கேட்டுவிட்டுப் பிள்ளையை மெதுவாக நடத்தினார். முதலாவது கழுதை வந்தது. நிறுத்தினார். கழுதை நகரவில்லை. அவரும் நகரவில்லை. எங்கள் ரோட்டில் கழுதை நின்றால் பஸ்ஸே நிற்கும், தெரியும்தானே. நேரம் முடிந்து, திரையில் தோல்வி என்று வந்தது.

இரண்டாவது தடவை, பாயலாம் என்று நான் ஜாடை காட்டினேன். பாய்ந்தார். முதலாவது தங்கக் காசுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"காசு கெடக்குது."

நான் கூரை மோட்டைப் பார்த்தேன்.

"பாண்கார, யார்ட காசு?"

"ஒருத்தர்டயும் இல்ல நானா. எடுங்க."

"ஒருத்தர்டயும் இல்லாத காசு எந்த ஊருல இரிக்கி? அதுவும் தங்கம்."

"இது கேம் நானா. பொய்க் காசு."

"பொய்க் காசுல கை பழகினா, பொறகு கைக்கு வித்தியாசம் தெரியாம போகும்."

நின்றார். தோல்வி. மறுபடி நின்றார். மறுபடி தோல்வி.

"இது ஏன் முடியுது?"

"நேரம் போயிட்டு" என்றேன்.

"நான் காவல் நிண்டது நேரத்துல சேராதா?"

பதினோராவது தடவையில் சஹ்லா தலையை மேசையில் வைத்துவிட்டாள். சட்டத்தையும் மறந்து வாய் திறந்தாள்.

"வாப்பா, இவரோட எனக்கு ஏலா."

"வேற ஆள் இல்ல மகள்."

வாச்சர் நானாவுக்குக் கோபம் வரவில்லை. பிழை எங்கே என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

"புள்ள, காசு கெடந்தா பள்ளிவாசல்ல அறிவிக்கணும். ஒங்கட கடக்கரைல பள்ளி ஒண்டு இல்லயே. அவ யாருட்டப் போய்ச் சொல்ற?"

"சரி மாமா, பள்ளியும் கட்டுறன், அறிவித்தலும் வெக்கிறன். பொறகு காச எடுப்பீங்களா?"

"ஆள் வரல்லண்டா யோசிப்பம்."

களைப்பும் கோபமும் சேர்ந்தால் மனிதர் வேலை செய்வார்கள். இரண்டு நாளில் கேமுக்குள் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. கூடவே அவரைக் கேலி செய்ய இன்னொன்றும் செய்தாள். கொஞ்ச நேரம் எந்தப் பட்டனையும் தொடாவிட்டால், அந்தப் பெண்பிள்ளை கிடக்கும் சாமானுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பைக்குள்ளிருந்து ஒரு டோர்ச்சை எடுத்து அடிக்கும். வாச்சர் நானா இரவுக் காவலுக்குக் கொண்டுபோகும் டோர்ச் மாதிரியே, கழுத்தில் சிவப்பு நூல் சுற்றிய டோர்ச். அதைச் செய்தபோதுதான், வீட்டுக்கு வந்தபின் முதல் தடவையாக அவள் சிரிப்பதைக் கேட்டேன்.

அறிவித்தலுக்குக் குரல் வேண்டுமே. பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினாரிடம் ஒரு வரியைப் பதிந்து வரும்படி சஹ்லா தன் போனை வாச்சர் நானாவிடம் கொடுத்தாள். கேமில் இருக்கும் காசு பதினேழு என்றும் சொல்லிவிட்டாள். மோதினார் சாதாரணமாகச் சொல்லிப் பார்த்தார். வாச்சர் நானாவுக்குப் பிடிக்கவில்லை.

"இது ஒங்கட கொரல். அறிவித்தல்ட கொரல் இல்ல. மைக்ல சொல்லுங்க."

மோதினாரும் நல்ல மனிதர். மைக்கைப் போட்டார். ளுஹர் பகல் தொழுகை முடிந்து, ஊர் சோற்றுக்கு உட்கார்ந்திருந்த நேரம். நானும் சோற்றுப் பிடியை வாயில் வைத்தபடிதான் கேட்டேன்.

"ஓர் அறிவித்தல். கடற்கரையில் பதினேழு தங்கக் காசுகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. உரியவர்கள் அடையாளம் கூறிப் பெற்றுக்கொள்ளவும்."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் இத்தனை வருடமாக அறிவித்து வந்த வாய், விலாசம் சொல்லாமல் மூடாது. பக்கத்தில் நின்றவரிடம், "எங்க வந்து எடுக்கிற?" என்று கேட்டார். அதுவும் மைக்கில் கேட்டது. "சாமான் பாண்கார நானாட ஊட்டுலதான் இரிக்கி" என்று வாச்சர் நானா சொன்னதும் கேட்டது. அவர் பொய் சொல்லவில்லை. லெப்டொப் என் வீட்டில்தான் இருந்தது.

நான் கை கழுவுவதற்குள் கேட்டில் ஆள். முதலில் வந்தவன் மீன் லொறி ஓட்டுகிறவன்.

"நானா, அதுல பன்னெண்டு என்ட. மிச்சம் அஞ்சையும் யோசிச்சுச் சொல்றன்."

அதற்குள் வாச்சர் நானா ஓடிவந்து கேட்டில் நின்றுவிட்டார். நடு மத்தியானத்தில் கையில் டோர்ச்.

"காசுல என்ன அடையாளம்?"

"தங்க நெறம்."

"எல்லாத் தங்கமும் தங்க நெறந்தான். அடுத்த ஆள்."

அடுத்து வயதான உம்மா ஒருவர். கல்யாணம் முடித்த கிழமையே தொலைத்த ஒற்றைத் தோடு அந்தக் காசுகளோடு கிடந்ததா என்று கேட்டார். அந்தத் தோட்டின் கல்லையும், கழன்று ஆடின திருகாணியையும், அதைத் தேடிக் கிணற்றில் இறங்கிய புருஷனையும் பற்றிச் சொல்லச் சொல்ல, பின்னால் நின்றவர்களும் தாங்கள் தொலைத்ததைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கடைசியாக ஒரு தாடிக்காரர் வந்தார்.

"காசு கெடந்த எடத்துல ஆடு ஒண்டும் நிக்கல்லயா? ஒரு காது கிழிஞ்ச ஆடு."

எல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் காசு என்று நான் ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். பாண் விற்பதைவிடக் கஷ்டம். தாடிக்காரர் நம்பாமல் உள்ளே வந்து திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது கழுத" என்று சொல்லிக் கவலையோடு போனார். என் மனைவி எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றியதில் சீனி முடிந்துவிட்டது. இதற்கெல்லாம் என்னைத்தான் பார்த்தாள்.

ஆட்கள் போனபின் பார்த்தால், சஹ்லா ஜன்னல் திரைச் சேலைக்குப் பின்னால் கொப்பியும் பேனையுமாக இருக்கிறாள்.

"வாப்பா, கவனிச்சீங்களா? ஒருத்தருக்கும் காசு பெருசில்ல. தொலச்சத சொல்றதுக்கு ஒரு கேட்டு வாசல்தான் தேவப்பட்டிருக்கு."

"அதுக்கு?"

"பழைய கேம அழிச்சிட்டன்."

"எவ்வளவத்த?"

"காசு பொறுக்கிற எல்லாத்தயும். மூணு மாச வேல."

இன்னும் பத்து நாள்தான் இருந்தது. நான் பின்னேரப் பாணுக்கு ஓட்டோவை எடுத்தேன். அன்றைக்கு அந்தப் பாட்டு வழமையைவிட நீளமாகக் கேட்டது.

புதிய கேமில் ஓட்டம் இல்லை, புள்ளி இல்லை, நேரமும் இல்லை. கடற்கரையில் சாமான்கள் கிடக்கும். ஒற்றைத் தோடு, செருப்பு, காது கிழிந்த ஆடு, ஒரு தங்கக் காசு. பள்ளியில் அறிவித்தல் கேட்கும். பிள்ளை வீடு வீடாகப் போக வேண்டும். ஒவ்வொருவரும் தாங்கள் தொலைத்ததைப் பற்றிக் கதைப்பார்கள். அடையாளம் சரியாக இருந்தால் கொடுத்துவிட வேண்டும். எல்லாம் கொடுத்து முடிந்தால் கேம் முடியும்.

காட்டுகிற நாள் வந்தது. சாமான் தூக்குவதற்கென்று நானும் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் வெள்ளைச் சட்டை, புதுச் சாரம், கையில் டோர்ச்சோடு வாச்சர் நானா நிற்கிறார்.

"நீங்க எங்க நானா?"

பொக்கெட்டிலிருந்து ஒரு சின்னப் பென்டிரைவை எடுத்துக் காட்டினார். முந்தின நாள் எங்கள் முற்றத்தில் கண்டெடுத்தாராம்.

"இதுல கெம்பஸ் லேபிள் ஒட்டியிரிக்கி. புள்ள மறதியில கொணந்திருக்கா. கையில குடுத்திட்டு வாறன்."

"மகள்ட்டத் தாங்க, அவ குடுப்பா."

"கண்டெடுத்தவன் நான்."

சிலாபம் தாண்டும் முன்பே என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டார். இரவு முழுக்க விழித்த தலை எவ்வளவு பாரம் என்று தோளை அசைத்து அசைத்தே கொழும்பு வரை அறிந்துகொண்டேன்.

அறையில் மிஸ்ஸும் இன்னும் இரண்டு பரீட்சகர்களும் இருந்தார்கள். வாப்பாமார் பின்னால் நிற்கலாம் என்றார்கள். மிஸ்தான் விளையாடினார். தோட்டைக் கொடுத்தார். செருப்பைக் கொடுத்தார். ஆட்டைக் கொடுத்தபோது கொஞ்சம் சிரித்தார். கடைசியில் ஒரு தங்கக் காசு மிஞ்சியது. எல்லா வீட்டுக்கும் போனார். யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. மறுபடி போனார். இல்லை.

"இது யாருடைய காசு?" என்று கேட்டார்.

சஹ்லாவின் முகம் வெளுத்தது. அவசரத்தில் அந்த ஒரு காசுக்குச் சொந்தக்காரரை எழுத மறந்துவிட்டாள். சொந்தக்காரர் இல்லாவிட்டால் கேம் முடியாது. முடியாத கேமுக்குப் புள்ளியும் இல்லை. ஒரு பரீட்சகர் கடதாசியில் ஏதோ எழுதினார். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் அந்தப் பேனைச் சத்தம் விளங்கியது. பாலர் பாடசாலை என் கண்முன்னே வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் வாச்சர் நானா கதவருகிலிருந்து நேராக முன்னால் போனார். சிங்களத்தில் கதைத்தார்.

"மிஸ், ஒரு சாமான் கண்டெடுத்த. கெம்பஸ்ட எண்டு நெனக்கிறன். அடையாளம் சொன்னாத் தரலாம்."

மிஸ் திகைத்துப்போய், "லேப்ல காணாமப் போன பென்டிரைவா? கறுப்பு, மூடி இல்ல, லேபிள்ல லேப் எண்டு எழுதியிருக்கும்" என்றார். ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டுக் கொடுத்தார். மிஸ்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரையைக் காட்டிக் கேட்டார்.

"இந்தக் காசுக்கு ஆளே இல்ல. நீங்க எண்டா என்ன செய்வீங்க?"

"ஒண்டும் செய்ய ஏலா. பக்கத்துல இரிக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"உடயவன் வாற வரைக்கும்."

மிஸ் பட்டன்களிலிருந்து கையை எடுத்தார். திரையில் அந்தப் பெண்பிள்ளை கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு காசுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். பையிலிருந்து சிவப்பு நூல் சுற்றிய டோர்ச்சை எடுத்து அடித்தாள். கடல் அதன்பாட்டுக்கு வந்து வந்து போனது. கேலிக்குச் செய்ததை சஹ்லாவே மறந்திருந்தாள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, திரையையும் வாச்சர் நானாவின் கையிலிருந்த டோர்ச்சையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது வேணுமெண்டு செய்ததா, பிழையா?" என்று மிஸ் கேட்டார்.

வேண்டுமென்று செய்தது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாச்சர் நானா பக்கத்தில் நிற்கும்போது யாரால் முடியும்?

"டோர்ச் வேணுமெண்டு செய்த மிஸ். காசு பிழைதான். மறந்துட்டன்."

மிஸ் மறுபடி திரையைப் பார்த்தார்.

"திருத்தாதே" என்றார்.

இப்படித்தான் என் மகள் பாஸானாள். திரும்பி வரும் பஸ்ஸில், நீர்கொழும்பு தாண்டியதும் வாச்சர் நானா திடீரென்று கண்ணைத் திறந்தார்.

"அந்தப் புள்ள இன்னும் அங்க குந்திக்கிட்டா இரிக்கா?"

"இல்ல நானா. கம்ப்யூட்டர நிப்பாட்டியாச்சு."

"நல்லம்." பஸ் ஜன்னலால் வெளியே பார்த்தார். "நாங்க மன்னாரால வரக்குள்ள என்ட சைக்கிள ஊட்டு முத்தத்துல சாத்திட்டு வந்த. யாராவது ஒருத்தன் பக்கத்துல நிண்டிருப்பான் எண்டுதான் நான் இவ்வளவு காலமும் நெனச்சிக்கிட்டிரிக்கன்."

சொல்லிவிட்டு, மறுபடி என் தோளில் சாய்ந்துவிட்டார். இந்தத் தடவை நான் தோளை அசைக்கவில்லை.

போன வருடம் அவருடைய குடும்பம் மன்னாருக்கே திரும்பிப் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு என் ஓட்டோவில்தான் ஏற்றிக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஓட்டோவில் பாண் தட்டுக்குப் பக்கத்தில் அவருடைய டோர்ச். உடனே போன் எடுத்தேன்.

"நானா, டோர்ச்ச விட்டுட்டுப் போயிட்டீங்க."

"அப்படியா? அடையாளம் சொல்லட்டா?"

"தேவயில்ல நானா."

"அப்ப வெச்சிரிங்க. வந்து எடுக்கிறன்."

இன்னும் வரவில்லை. கொழும்பில் வேலை செய்கிற சஹ்லா, தபாலில் போட்டுவிடுங்கள் வாப்பா என்கிறாள். நான் போடவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை பெட்டரி மாற்றி, எரிகிறதா என்று பார்த்து, பாண் தட்டிலேயே வைத்திருக்கிறேன். மாம்புரிப் பக்கம் ரோட்டில் பள்ளங்கள் கூடுதல். ஓட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் விழும்போது அந்த டோர்ச் பாண் பெட்டிக் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டும். பதினான்கு வருடமாகக் கேட்டுச் சலித்த பாட்டில் புதிதாகச் சேர்ந்த ஒரே சத்தம் அது.